கை சுழற்றும் துப்பாக்கியும் கை கேட்கும் விலையும்

சென்ற மாதம் எம் இல்லத்தில் ஒரு சிறு சங்கடம் நேர்ந்தது. எம் தாயார் வழியாக வந்த கைத்தையல் இயந்திரத்தின் பற்சக்கரம் ஒன்றில் இரண்டு பற்கள் உடைந்துவிட்டன. கைப்பிடியைச் சுழற்றினால் 'கடக்' என்ற ஓசை எழுமேயன்றி ஊசி இறங்குவதில்லை. சக்கரத்தைக் கடதாசியிற் சுற்றி எடுத்துக்கொண்டு கடைசற் பட்டறை ஒன்றுக்குச் சென்றோம். பட்டறை முதலாளி அதனை வாங்கி வெளிச்சத்திற் பிடித்து நெடுநேரம் பார்த்தார். பின்னர் அவர் சொன்ன தொகையைக் கேட்டு நாம் திகைத்துவிட்டோம். அத்தொகையுடன் இன்னுஞ் சிறிது சேர்த்தால் புதிய இயந்திரமே வாங்கிவிடலாம் போலத் தோன்றிற்று.

"உள்ளங்கைக்குள் அடங்கும் சாமானுக்கு இவ்வளவு விலையா?" என்று கேட்டோம்.

"ஒன்று செய்தாலும் நூறு செய்தாலும் ஆயத்த வேலை ஒன்றுதான், ஐயா. நூறு பேர் பங்கிட வேண்டிய செலவை நீங்கள் ஒருவராய்த் தர வேண்டிக் கிடக்கிறது" என்றார் அவர், சிறிதுங் கோபமின்றி.

அவ்விடையை மனத்திற் சுமந்துகொண்டு வீடு திரும்பினோம். அங்கே மேசைமேல் மாணவ நேயர் ஒருவரின் கடிதம் காத்திருந்தது. அமெரிக்காவிலே பழைய காலத்துக் கட்லிங் துப்பாக்கியைப் போன்று புதிதாகச் செய்து விற்கிறார்களாம். அதன் விலை ஐம்பதினாயிரம் டொலரை அண்டுகிறதாம். "பழம்பொருளின் விலை ஏறுவது விளங்குகின்றது. ஆனால் நேற்றுச் செய்த பிரதிக்கு ஏன் இத்தனை விலை?" என்பது அவர் கேள்வி. நம் நாணயத்திலே அஃது ஏறத்தாழ ஒன்றரைக் கோடி ரூபா. பட்டறை முதலாளியின் விடை எம் செவியில் இன்னும் ஒலித்துக்கொண்டிருந்தமையால் இக்கேள்வியையே இவ்வாரம் எடுத்துக்கொண்டோம்.

குடும்பத்தார் கூடியிருந்து படிக்கும் பக்கத்தில் ஆயுதத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று சிலர் முகஞ் சுளிக்கலாம். 1983 முதல் 2009 வரை துப்பாக்கி ஓசை கேட்ட நாட்டிலே அச்சுளிப்பு நியாயமானதே. நாம் ஆயுதத்தின் பெருமை பேச வரவில்லை. ஒரு பொருளின் விலை எங்கிருந்து பிறக்கிறது என்று ஆராயவே வந்தோம். அதற்கு இதனை விடச் சிறந்த உதாரணம் கிடைப்பது அரிது.

வைத்தியப் பட்டம் பெற்றவர் ஆக்கிய ஆயுதம்

றிச்சர்ட் ஜோர்டன் கட்லிங் 1818ஆம் ஆண்டு வட கரோலினாவில் ஒரு கமக்காரருக்கு மகனாகப் பிறந்தார். விதைக்கும் இயந்திரத்தை அமைத்துப் பெயர் பெற்றார். பின்னர் பெரியம்மை நோயால் வருந்தியதன் பயனாக வைத்தியக் கல்வியில் நாட்டங் கொண்டு 1850இல் பட்டமும் பெற்றார்; எனினும் வைத்தியத் தொழிலை நடத்தவில்லை. 1861இல் அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டபோது அவர் இன்டியானாபொலிஸ் நகரில் வாழ்ந்திருந்தார். படைவீரர் புறப்பட்டுச் செல்வதையும், காயம்பட்டோரும் நோயுற்றோரும் உயிரிழந்தோரும் திரும்பி வருவதையும் நாள்தோறும் கண்டார். மாண்டவருட் பெரும்பாலோர் குண்டினால் அன்றி நோயினாலேயே மாண்டனர் என்பதும் அவர் கண்ணிற்பட்டது.

நூறு வீரர் செய்யும் வேலையை ஒருவர் செய்யத்தக்க பொறி ஒன்று இருந்தால் பெரும் படைகள் வேண்டாவே. படை சுருங்கினால் நோயும் சாவும் சுருங்குமே என்று தாம் எண்ணியதாக 1877இல் எழுதிய கடிதமொன்றில் அவர் கூறியுள்ளார். அவ்வெண்ணத்தின் பயனே 1862ஆம் ஆண்டு நவெம்பர் 4ஆம் திகதி ஆக்கவுரிமை பெற்ற கட்லிங் துப்பாக்கி. முதலிற் செய்த சில துப்பாக்கிகள் சின்சினாற்றி நகரத் தொழிற்சாலையில் நேர்ந்த தீயில் அழிந்தன. 1866இல் அமெரிக்க இராணுவம் அதனை முறையாக ஏற்று நூறு துப்பாக்கிகளுக்குக் கட்டளையிட்டது. அவற்றைச் செய்யும் பொறுப்பு ஹாட்பேட் நகரக் கோல்ற் நிறுவனத்திடம் சேர்ந்தது.

ஐந்து துப்பாக்கிகள் ஒன்றாய்க் கூடினால்

இனி அதன் அமைப்பைப் பார்ப்போம். கோல்ற் நிறுவனம் 1877இல் செய்த 'புல்டோக்' என்னும் மாதிரியையே எடுத்துக்கொள்வோம். இந்த நூற்றாண்டிலே அந்நிறுவனத்தின் பெயரோடு மீண்டும் வெளிவந்து, ஐம்பதினாயிரம் டொலரை அண்டிய விலை சொல்லப்பட்டதும் இதுவே.

நடுவே ஓர் அச்சு. அதனைச் சுற்றி ஐந்து குழல்கள். ஒவ்வொரு குழலின் பின்னும் அதற்கே உரிய தாழ். அத்தாழினுள்ளே ஓர் அடிமுள், ஒரு சுருள்வில், வெற்றுக் கோதை இழுத்தெறியும் ஒரு கொளுவி. பின்புறத்துக் கைப்பிடியைச் சுழற்றினால் குழல்களும் தாழ்களும் சேர்ந்தே சுழலும். அவற்றைச் சூழ்ந்துள்ள உறையின் உட்புறத்திலே திருகுச் சரிவான ஒரு பாதை அசையாது நிற்கும். ஏறுபடியில் நடப்பவன் மேலும் கீழும் போவது போல, சுழலும் தாழ்கள் அச்சரிவுப் பாதையிலே முன்னும் பின்னும் தள்ளப்படும். மேலேயுள்ள கூட்டிலிருந்து தோட்டா தன் பாரத்தாலேயே விழும், தாழ் அதனைக் குழலுட் செலுத்தும், அடிமுள் விடுபட்டு அடிக்கும், வெடிக்கும், தாழ் பின்வாங்கி வெற்றுக் கோதை வெளியே தள்ளும். ஒரு சுற்றில் ஒவ்வொரு குழலும் ஒரு முறையே வெடிப்பதால் மற்றக் குழல்கள் ஆறுவதற்கு அவகாசம் உண்டு.

கணக்குப் பாருங்கள். நிமிடத்துக்கு நூறு முறை கைப்பிடியைச் சுழற்றினால் ஐந்நூறு வெடிகள். அவ்விரைவிலும் ஒரு குழலின் பங்கு நூறேயாம். இதுவே கட்லிங் அவர்களின் நுட்பம். இதுவே விலையின் முதற் காரணமும் ஆகும்.

ஏனெனில் இஃது ஒரு துப்பாக்கி அன்று, ஐந்து துப்பாக்கிகள். ஒரு குழலைச் செய்வதென்றால், நீண்ட உருக்குக் கோலின் நடுவே ஓரமாகச் சாயாத துளையிட வேண்டும். அதனை உட்புறம் மழமழப்பாக்க வேண்டும். பின்னர் குண்டைச் சுழலச் செய்யும் புரிகளை வெட்ட வேண்டும். இவ்வேலை ஐந்து முறை. தாழ் ஐந்து, அடிமுள் ஐந்து, சுருள்வில் ஐந்து. அவை ஐந்தும் ஒன்றை ஒன்று ஒத்திருக்கவும் வேண்டும். நான்கு தாழ்கள் செவ்வனே இயங்கி ஐந்தாவது சிறிது தடிப்பாயிருந்தால் துப்பாக்கி முழுவதுமே சிக்கி நிற்கும்.

இன்னுமொன்று. தாழ் முற்றாகப் பூட்டிக்கொள்ளுமுன் தோட்டா வெடித்துவிடக் கூடாது. தோட்டா அடிபட்ட பின்னும் ஒரு கணம் தாமதித்து வெடிப்பது சிலவேளை நிகழும். கை ஓயாது சுழலுகையில் அத்தாமதத்துள் தாழ் திறக்கத் தொடங்கிவிட்டால், வெடியின் வேகம் சுடுபவர் பக்கமே திரும்பும். ஆதலால் சரிவுப் பாதையின் அளவு மயிரிழையும் பிசகலாகாது. முடிந்த பொறியை ஒவ்வொன்றாகச் சுட்டுச் சோதித்த பின்னரே விற்க முடியும். காட்சிக்கு மட்டும் வைக்கும் வெடியாத பிரதிகள் இதனிலும் மலிவாகக் கிடைப்பதன் காரணம் இப்பொழுது விளங்கும். அவற்றின் குழல்கள் வெடியைத் தாங்க வேண்டியதில்லை. அவற்றின் தாழ்கள் நேரந் தவறினாலும் எவர் முகத்துக்கும் தீங்கில்லை.

வெண்கலமும் மரச்சில்லும்

அடுத்தது உலோகம். 'புல்டோக்' மாதிரியின் குழல்கள் வெளியே தெரிவதில்லை. பளபளக்கும் வெண்கல உறை அவற்றை மூடியிருக்கும். வெண்கலத்திற் பெரும் பங்கு செம்பு. செம்பின் விலையை வீட்டுப் பாத்திரம் வாங்கும் தாய்மார் நன்கறிவர். விலையாவது பரவாயில்லை, அதனை வார்ப்பது பெரும் பாடு. மரத்தால் அச்சுரு செய்து, மணலிற் பதித்து, உருக்கி வார்த்து, ஆறிய பின் உடைத்துப் பார்த்தால் உள்ளே ஒரு காற்றுக் குமிழி இருக்கும். உடனே அவ்வார்ப்புத் தள்ளுபடி. நல்ல வார்ப்புக் கிடைத்தபின் கடைசல், துளையிடல், இழைப்பு, மெருகு. கோயில் மணி வார்ப்பதைக் கண்டவர்க்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

பெரிய மாதிரிகள் பீரங்கி வண்டியின் மேலும் ஏற்றப்படும். அவ்வண்டிக்கு ஆரங்கள் பொருந்திய மரச்சில்லு வேண்டும்; சில்லுக்குக் காய்ச்சி இறுக்கிய இரும்புப் பட்டம் வேண்டும். நம் ஊர்களிலும் மாட்டுவண்டிச் சில்லுக்குப் பட்டம் போடும் கொல்லர் ஒரு காலத்தில் எங்கும் இருந்தனர். இன்று எத்தனை பேர் உளர்? அமெரிக்காவிலும் நிலை அதுவே. எஞ்சியிருப்பவர் சிலர், அவர் கேட்பதே கூலி.

நூறு பேர் பங்கு

இவையனைத்தும் உண்மையாயினும் முழுக் காரணமாகா. ஒரு மோட்டார் வாகனத்திலே இதனை விடப் பன்மடங்கு உறுப்புகள் உண்டு. அவ்வாகனத்தை இந்தத் துப்பாக்கியின் விலைக்கும் குறைவாக அமெரிக்காவில் வாங்கலாம். அஃது எங்ஙனம்?

இவ்விடத்தேதான் எம் பட்டறை முதலாளியின் விடை பயன்படுகின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஹாட்பேட் நகரத்துக் கோல்ற் தொழிற்சாலை உலகு வியந்த இடம். ஒவ்வோர் உறுப்பின் ஒவ்வொரு வெட்டுக்கும் தனித்தனி இயந்திரம், தனித்தனி அளவுக்கருவி. ஓர் உறுப்பை எடுத்து இன்னொரு துப்பாக்கியில் வைத்தாலும் பொருந்த வேண்டும் என்பதே குறிக்கோள். இயந்திரத் தொழிலில் புகழ் பெற்ற பிராற், விற்னி என்னும் இருவரும் அங்கே வேலை பார்த்தவர்களே. அவ்வளவு ஆயத்தமும் ஆயிரமாயிரம் துப்பாக்கிகளின் மேற் பரந்தமையால் ஒவ்வொன்றின் பங்கும் சிறுத்தது.

அந்த அச்சுருக்களும் பிடிகளும் வெட்டுக்கருவிகளும் இன்று இல்லை. பிரதி செய்பவர், மிஞ்சியுள்ள பழைய துப்பாக்கியை உறுப்பு உறுப்பாகக் கழற்றி, அளந்து, வரைந்து, ஒவ்வொன்றையும் புதிதாகத் தொடங்க வேண்டும். கணினி நடத்தும் இயந்திரங்கள் வெட்டும் வேலையை இலேசாக்கியுள்ளன. சரிவுப் பாதை போன்ற கடினமான உருவத்தையும் பிசகின்றி வெட்டித் தருகின்றன. ஆனால் அவ்வியந்திரத்துக்குக் கட்டளை எழுதுவதும், முதல் உறுப்பைச் சோதிப்பதும், பிழைத்ததை எறிந்துவிட்டு மீளத் தொடங்குவதும் மனித வேலைகளே.

ஓர் எண்ணைக் கற்பனையாக வைத்துக்கொள்வோம். ஆயத்தச் செலவு மட்டும் பத்து இலட்சம் டொலர் என்க. ஒரு இலட்சம் பொருள்கள் செய்தால் ஒன்றின் தலையில் விழுவது பத்து டொலர். ஐம்பது மட்டும் செய்தால் இருபதினாயிரம் டொலர். பொருளில் மாற்றமில்லை, தொழிலாளியின் திறமையில் மாற்றமில்லை, வாங்குவோர் தொகையிலேயே மாற்றம். கட்லிங் துப்பாக்கியை இன்று எத்தனை பேர் வாங்குவர்? சில சேகரிப்பாளர், சில அரும்பொருட்சாலையினர், சில படப்பிடிப்புக்காரர். ஆக, ஒவ்வொருவரும் பல்லாயிரம் பேரின் பங்கையும் சேர்த்தே செலுத்துகின்றனர்.

இதற்கு எதிரான சாட்சியும் உண்டு. இன்டியானா மாநிலத்து ரிப்மன் நிறுவனம் கைத்துப்பாக்கித் தோட்டாவைச் சுடும் சிறிய கட்லிங் ஒன்றைச் செய்து விற்கின்றது. சிறிய தோட்டா, சிறிய உருவம், இக்காலப் பொருள்கள், இக்காலத் தோட்டாக்கூடு. பழைய உருவை அப்படியே பின்பற்றும் கட்டாயம் இல்லாமையால் அதன் விலை பெரிய பிரதியின் விலையிற் சிறு பங்கே. தத்துவம் ஒன்றே, விலை வேறு. ஆகவே நாம் விலை கொடுப்பது தத்துவத்துக்கு அன்று. அன்று எவ்வாறு இருந்ததோ அவ்வாறே இருக்க வேண்டும் என்னும் ஆசைக்கே என்பது தெளிவாகின்றது.

சட்டம் திறந்து வைத்த கதவு

இத்தனை விலை கொடுப்பார் உளரா என்று கேட்கலாம். உளர், அதற்கு அந்நாட்டுச் சட்டமும் ஒரு காரணம். 1934ஆம் ஆண்டுச் சட்டம், விசையை ஒரு தடவை இயக்கியதும் ஒன்றுக்கு மேற்பட்ட வெடிகளைத் தானாகவே சுடுவதையே இயந்திரத் துப்பாக்கி என்கிறது. கட்லிங் துப்பாக்கியோ கை சுழலும் வரையுமே சுடும். கை நின்றால் தானும் நிற்கும். ஆதலால் அஃது அவ்வகையிற் சேராது என்று 1955இல் அந்நாட்டு இறைவரித் திணைக்களம் விளக்கந் தந்தது. அதே பொறியில் மின்மோட்டார் ஒன்றைப் பூட்டினால் அது இயந்திரத் துப்பாக்கியாகிவிடும்!

1986இல் வந்த சட்டம், அதன்பின் செய்யப்படும் இயந்திரத் துப்பாக்கிகளைத் தனியார் வாங்குவதைத் தடுத்தது. ஏற்கெனவே பதிவானவற்றின் தொகை இனிப் பெருகாது. எனவே அவற்றின் விலை பல்லாயிரம் டொலராக ஏறிவிட்டது. அத்தகைய பணத்தோடு நிற்பவருக்குக் கைசுழற்றுத் துப்பாக்கி மலைக்கத்தக்க பொருளாகத் தோன்றுவதில்லை. உண்மையான பழைய கட்லிங் ஏலத்துக்கு வந்தால் இலட்சம் டொலரையுந் தாண்டிச் செல்வதுண்டு. அதன் அருகே பிரதி மலிவாகவே தெரியும்.

வாங்குவது ஒரு பாடு. தீனி போடுவது இன்னொரு பாடு. அது தின்னும் பெரிய தோட்டா ஒன்று இரண்டு டொலர் என்று கொண்டாலும், நிமிடத்துக்கு ஐந்நூறு வெடியெனில் ஆயிரம் டொலர் ஒரு நிமிடத்திற் புகையாகும். யானை வாங்கியவர் கரும்புத் தோட்டத்துக்கும் வழி பார்க்க வேண்டுமன்றோ!

அன்றைய விலை

நம் மாணவ நேயர் வியக்கக்கூடிய செய்தி ஒன்றை இறுதிக்கென வைத்திருக்கின்றோம். பழைய துப்பாக்கி அன்று மலிவாயிருந்தது என்றா எண்ணுகிறீர்கள்? உள்நாட்டுப் போரின்போது தளபதி பென்ஜமின் பற்லர் பன்னிரண்டு கட்லிங் துப்பாக்கிகளைப் பன்னீராயிரம் டொலருக்கு வாங்கினார். ஒன்று ஆயிரம் டொலர். அக்காலை ஒரு சாதாரண படைவீரனின் மாதச் சம்பளம் பதின்மூன்று டொலர். ஆகவே ஒரு துப்பாக்கியின் விலை அவனது ஆறு ஆண்டுச் சம்பளத்துக்கும் மேல். இன்று அந்நாட்டிலே புதிதாகச் சேரும் வீரன் மாதம் இரண்டாயிரம் டொலருக்கு மேற் பெறுகிறான். ஐம்பதினாயிரம் டொலர் என்பது அவனது ஏறத்தாழ இரண்டாண்டுச் சம்பளமே.

எனவே இவ்வளவுகோலாற் பார்த்தால் பிரதியின் விலை ஏறவில்லை, இறங்கியேயிருக்கின்றது! பொருள் அன்றும் அரியது, இன்றும் அரியது. மற்றப் பொருள்கள் எல்லாம் பெருந்தொகையாகச் செய்யப்பட்டு மலிந்துவிட்டமையால், மலியாது நின்ற இது நம் கண்ணுக்கு மலைபோல் உயர்ந்து தோன்றுகின்றது.

கையின் விலை

கட்லிங் 1903இல் காலமானார். 1884இல் மக்சிம் என்பார் தானே இயங்கும் துப்பாக்கியை அமைத்ததிலிருந்தே கைப்பிடிக்கு இறங்குமுகந்தான். 1911இல் அமெரிக்க இராணுவம் கட்லிங்கைக் கைவிட்டது. சுழலும் குழல்களின் தத்துவம் மட்டும் மாளவில்லை. இரண்டாம் உலகப் போரின்பின் மின்விசையாற் சுழன்று நிமிடத்துக்கு ஆறாயிரம் வெடி சுடும் விமானப் பீரங்கியாக மறுபிறப்பெடுத்தது. படைகள் சுருங்கும் என்ற கட்லிங்கின் கனவோ 1914இல் பொய்த்தேபோயிற்று. நூறு பேரின் வேலையை ஒருவர் செய்யும் பொறி வந்தபோது மன்னர்களும் மந்திரிகளும் நூறு பேரை வீட்டுக்கு அனுப்பவில்லை. நூறு பேருக்கும் நூறு பொறி கொடுத்தனர். இளைஞர் இதனை மறவாதிருத்தல் நன்று. கருவியைக் கண்டுபிடிப்பவரின் நல்லெண்ணம் கருவியோடு கூடவே விற்பனையாவதில்லை.

இன்னொரு விந்தையும் உண்டு. பலர் கையை ஒருவர் கையாற் பதிலாக்க எழுந்த பொறி அது. இன்று அப்பொறி ஒன்றைச் செய்வதற்கு வார்ப்பவர் கை, கடைபவர் கை, சில்லுச் செய்பவர் கை, சோதிப்பவர் கை எனப் பல கைகள் வேண்டியிருக்கின்றன. உருவத்தைப் பார்த்துச் செய்யலாம். உழைப்பைப் பார்த்துச் செய்ய முடியாது. அதனை ஒவ்வொரு முறையும் முதலிலிருந்தே உழைத்தாக வேண்டும். பிரதியின் விலை என்பது அதுவே.

எம் தையல் இயந்திரத்துக்கு என்ன நேர்ந்தது என்று இல்லத்தரசிகள் கேட்கக்கூடும். மறுநாளே பட்டறைக்குச் சென்று, கேட்ட தொகையைப் பேரம் பேசாது ஒப்புக்கொண்டோம். எட்டு நாளிற் சக்கரம் வந்தது. பூட்டிக் கைப்பிடியைச் சுழற்றியபோது ஊசி இறங்கிற்று. எம் பேர்த்தியின் பாடசாலைச் சட்டை அதிலேதான் தைக்கப்பட்டது. பட்டறை முதலாளி விடைதரும்போது ஒன்று சொன்னார்: தமக்குப் பின் அந்தக் கடைசல் இயந்திரத்தருகே நிற்க ஒரு பையனைத் தேடுகிறாராம்; இன்னும் ஒருவரும் வரவில்லையாம்.

கேள்வி கேட்ட மாணவரும் அவர் தோழரும் அந்தக் கடைசி வாக்கியத்தைச் சற்றுச் சிந்திப்பார்களாக. இன்று நாம் விலை கூடியது என்று கூறும் கை, நாளை எவ்விலைக்கும் கிடையாத கையாகிவிடக் கூடும்.